இட்லி தெரிகிறது, முகம் தெரியவில்லை

இன்று காலை குடும்பத்தோடு காஞ்சிபுரம் போகும் வழியில், ஒரகடத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் நிறுத்தினோம். மனைவியும் மகளும் சாப்பிட்டார்கள். நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், இட்லி ஆறிக்கினு கீது,” என்றார் கடைக்கார அக்கா.

பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண். ஊர் சிவகங்கைப் பக்கமாம்.

“அண்ணே, என்னையும் ஒன்னு எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புங்கண்ணே. ஒழுங்கா சாப்பிடுறேன்னு சொன்னா அம்மா நம்ப மாட்டேங்குது.”

“கேமராவைப் பார்க்காம சாப்பிடும்மா,” என்றேன், பெரிய கலைஞன் மாதிரி.

ஆவி, சட்னி, விரல்கள், காலை வெயில். இருப்பதிலேயே நல்லதை அவள் சொன்ன நம்பருக்கு அனுப்பினேன். அதற்குள் கம்பெனி பஸ் வந்து அவள் ஏறிப் போய்விட்டாள்.

வாலாஜாபாத் தாண்டும்போது பதில் வந்தது.

“சூப்பர்ணே. மூஞ்சி தெரியிற மாதிரி ஒன்னு இருக்கா? எளைச்சிட்டேனான்னு அம்மா பாக்கணுமாம்.”

தேடினேன். அவளை எடுத்த ஒன்பது படத்திலும் கைதான் இருக்கிறது. அதே கடையில் என் மகளை எடுத்த ஒரு படத்தில்கூட முகம் விடுபடவில்லை.

அவளுக்கு அனுப்பிய படத்தை இந்தப் பதிவில் போடவில்லை. போட்டால் ‘செம ஷாட்’ என்று எழுதுவீர்கள். அதற்குப் பதில், அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எழுதுங்கள்.