சல்லிக்கல்லில் கீரை, தொட்டியில் கெண்டை

மீன் வளர்க்கும் நீரிலேயே கீரையும் வளர்க்கும் தொழிலில், மீனையும் கீரையையும் பார்ப்பதைவிட அழுக்கைப் பார்ப்பதற்கே அதிக நேரம் செலவாகும். கொல்லையில் இப்படியொரு தொட்டியைக் கட்டிவிட்டு, விடியற்காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அறிவியல் ஆசிரியனாக ஓய்வு பெற்றபின், எண்பதுகளின் இறுதியில், ஏற்காட்டில் என் வீட்டின் பின்புறம் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கெண்டை விட்டேன். சிறிய மோட்டார் அந்நீரைச் சல்லிக்கல் பாத்திக்கு ஏற்றும். கழிவைச் செடிகள் எடுத்துக்கொள்ள, தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்பும். பார்த்துவிட்டுக் கேட்டவர்களுக்கும் அமைத்துக் கொடுத்தேன். அவற்றுள் என்னை அதிகம் அலையவைத்தது, பேருந்து நிலையத்துக்கு அருகில் மெஸ் நடத்திய சரோஜாவின் தொட்டி.

சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் கொத்தமல்லி மலையேறுவதற்குள் துவண்டுவிடுகிறது என்பது அவர் குறை. அந்த மெஸ்ஸில் அவர் தமக்கென்று கேட்டது இத்தொட்டி ஒன்றைத்தான். அவர் கணவர் பழனிசாமிக்கோ அவ்விடத்தில் இரண்டு மேசை போட ஆசை. மே மாதக் கூட்டம் வருவதற்குள் தொட்டி உருப்படாவிட்டால் கடப்பாரை எடுப்பேன் என்று என்னிடமே சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

மூன்றாம் வாரம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். சல்லி முழுவதும் பளபளவென்று மின்னியது, மஞ்சள் மணத்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவிய கையோடு, சரோஜா சல்லியையும் கூடைகூடையாக அள்ளிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மஞ்சள்நீர் தெளித்துப் பரப்பியிருந்தார்.

மீன்கழிவைச் செடிக்கு உணவாக மாற்றுவன அக்கற்களில் படிந்து வாழும் நுண்ணுயிர்களே என்றும், அவற்றைத்தான் அவர் சாக்கடையில் கரைத்துவிட்டார் என்றும் விளக்கினேன். பாதித் தண்ணீரை மாற்றி, என் பாத்தியிலிருந்து இரண்டு கூடை அழுக்குச் சல்லியைக் கொண்டுவந்து போட்டேன். சரோஜா அதைத் தொடாமல் தள்ளி நின்று சொன்னார்: "ஏனுங்க சார், சமையல்கட்டுக்குப் பக்கத்துல அழுக்க வச்சுக் காப்பாத்தறதுக்குப் பழக எனக்கு நொம்ப நாளாகுமுங்க."

அளவுக்கு மீறிய அழுக்கு

என் பாடத்தை அவர் முழுமையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். அடுத்த இரண்டு மாதம் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. கழிவு சேறாகிப் பாத்தியை அடைத்து, முட்டை அழுகிய நாற்றம் சாப்பாட்டுக் கூடம்வரை சென்றது. நுண்ணுயிர் வேறு, கட்டிக் கழிவு வேறு என்று முதல் நாளே பிரித்துச் சொல்லாதது என் குறை.

தொட்டிக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு பெரிய வாளியை வைத்தேன். தண்ணீர் அதில் நின்று நிதானமாகப் போகும்; சேறு அடியில் தங்கும். காலைதோறும் அடிக்குழாயைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். அச்சேற்றை வாழைக்கு ஊற்றச் சொன்னேன். வாளியைக் குனிந்து பார்த்த பழனிசாமி சொன்னார்: "எங்க சாம்பார் கூட இவ்வளவு கெட்டியா இருந்ததில்லீங்க."

சுண்ணாம்பு

மலைத் தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது. நாளாக ஆக இத்தொட்டிகளில் அது அமிலமேறிப் புளித்துவிடும். கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்க்க வேண்டும் என்றேன். 'கொஞ்சம்' என்று ஓர் ஆசிரியன் சொல்லக்கூடாது. அளவு கேட்காமல் பழனிசாமி வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா ஒன்றை முழுவதுமாகக் கவிழ்க்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கிளிஞ்சலைத் துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்டால், தேவையான அளவு மெல்லக் கரையும் என்று கட்டிக் காட்டினேன். அவர் என்னையும் முடிச்சையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சுண்ணாம்பு ஆச்சு, வெத்தலையும் பாக்கும் எப்பங்க போடறது?"

பீப்பாய்

மீன்கள் பெருத்தன; வாளி போதவில்லை. ஏப்ரல் முடிவில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் தெரிந்த ரைட்டரிடம் ஒரு பழைய பீப்பாய் வாங்கினேன். உட்புறம் நீலக்கறை இருந்தது. மும்முறை கழுவி, சுத்தம் என்று நானே சான்றளித்துப் பொருத்தினேன். காப்பிச் செடிக்குத் தெளிக்க அதில் ஆண்டாண்டாக, மீனுக்கு நஞ்சான மயில்துத்தம் கரைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. சரோஜா சுவரோடு ஒட்டி நின்றார். மெஸ்ஸில் இலை போட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். பழனிசாமி தோசைக்கல்லை அப்படியே விட்டு வந்திருந்தார். சமையலுக்கு நிரப்பி வைத்த தண்ணீர் அண்டாக்களைக் கொல்லைக்கு இழுத்துவந்து, முழங்கை வரை நனைந்து, மீன்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். சமைக்கத் தண்ணீர் இல்லாததால் அன்று மதியச் சாப்பாடு கிடையாது என்று வாசலில் எழுதி வைத்தார்கள். மீன்களில் பாதிக்கு மேல் பிழைத்தன.

தவறு முழுவதும் என்னுடையது, இனி நீங்கள் தொட்டியை இடித்தாலும் மறுத்துப் பேச எனக்கு உரிமையில்லை என்றேன். பழனிசாமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தொட்டி சரோஜாவோடதுங்க, அது இருக்கட்டும், நீங்க மொதல்ல உங்க பீப்பாயத் தூக்கீட்டுப் போங்க."

அன்றுமுதல், தண்ணீரில் என்ன போட்டீர்கள் என்று பிறரை விசாரிக்கும் முன், நான் எதில் கொண்டுவந்தேன் என்று என்னையே ஒருமுறை விசாரித்துக்கொள்கிறேன்.