அரபிக் குதிரைக்குச் சுழி பார்த்தேன்

சுழி பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரோமம் வட்டமாகத் திரும்பி நிற்கும் இடம்தான் சுழி. குதிரைக்கு நெற்றியில் ஒற்றையாக இருந்தால் குடும்பம் தழைக்கும், கண்ணுக்குக் கீழே இருந்தால் வாங்கியவன் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். மாட்டுக்குப் பார்க்க நாலு பேர் என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்த நாலு பேர்தான் என்னைக் கெடுத்தார்கள்.

திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்திருந்த காலம். அண்ணன் நாகர்கோவிலில் குதிரைவண்டி ஓட்டினான். பஸ் வந்து சவாரியில் மண்ணைப் போட்டுவிட்டது. மிச்சம் இருந்தது மாப்பிள்ளை அழைப்பும் ஆஸ்பத்திரி சவாரியும்தான். அந்த நேரம் பார்த்து அவனுடைய கிழட்டுக் குதிரை வயிறு உப்பிச் செத்தது. வேறு குதிரை அமையாவிட்டால் குலசேகரத்துக்கு ரப்பர் தோட்டத்தில் தங்கிப் பால் வெட்டப் போக வேண்டும். மதினிக்கு ஏழாம் மாதம். அவளை விட்டுப் போக அவனுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

கோட்டாறு பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மாமனும் மருமகனுமாக இரண்டு பேர் குதிரை விற்றார்கள். போனோம். வெள்ளைக் குதிரை ஒன்று தலையை நிமிர்த்தி, காதுகளை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டு நின்றது.

“அரபியாக்கும். மகாராசா கொட்டாரத்து லாயத்தில நின்னது. நடையப் பாருங்க” என்றான் மாமன்காரன்.

மருமகன் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டினான். ஒவ்வொரு காலையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி வைத்தது. அடேயப்பா, ராஜநடை! எனக்கு வாயெல்லாம் பல்.

“எப்பிடிலே இருக்கு?” என்று அண்ணன் என் காதருகே கேட்டான்.

நெற்றியைத் தடவினேன். ஒற்றைச் சுழி. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் ரோமத்தை விலக்கி விலக்கித் தேடினேன். ஒன்றும் இல்லை.

“தங்கம்ணே. கண்ண மூடிட்டு எடுக்கலாம்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி ஒரு பிடி பச்சைப்புல்லை அதன் முன்னால் நீட்டினாள். மூக்கில் படும் வரை அது அசையவில்லை. கையை அதன் கண்ணெதிரே வீசினாள். இமைக்கவில்லை.

“தம்பி, இதுக்குக் கண்ணு தெரியல்லியே” என்றாள்.

கண் பளிங்குபோலத் தெளிவாகத்தான் இருந்தது, பார்வைதான் இல்லை. தலை நிமிர்ந்ததும், காது திரும்பியதும், கால் உயர்ந்ததும் அரபி ரத்தத்தால் அல்ல, அடுத்த அடியில் என்ன இருக்கும் என்ற பயத்தால். கண்ணுக்குக் கீழே தேடிய மடையன் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போதே திருப்பி ஓட்டிக்கொண்டு போனோம்.

“நீரு சுழி பாத்தேரு. சுழியில குத்தம் உண்டா? கண்ணு தெரியுமான்னு கேட்டேரா?” என்றான் மாமன்காரன். கேட்கவில்லைதான். தோப்பு வாசலில் நின்று அண்ணன் கும்பிட்டுக்கூடப் பார்த்தான். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஆனாலும் அண்ணன் அதை வண்டியில் பூட்டினான். குரல் கொடுத்துக் கொடுத்தே பதினைந்து நாள் ஓட்டினான். பதினாறாம் நாள் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, குதிரை மிரண்டு வண்டியோடு ஓடையில் இறங்கிவிட்டது. அச்சு இரண்டு துண்டு. உள்ளே இருந்தவர்களுக்கு அடி. அதன்பிறகு யார் ஏறுவார்கள்? குதிரையைச் சும்மா தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான். ஆள் வரவில்லை.

அவன் குலசேகரத்துக்குக் கிளம்பிய காலையில் நானும் மதினியும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தோம். மற்ற வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“யாருவே அந்தக் குருட்டு அரபிய பாத்து எடுத்தது? அவன் கழுத்தில ஒரு மால போடணும்” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“நாந்தான்” என்றான் அண்ணன். “எனக்க தம்பி வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் கேக்கல்ல.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவனுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதை பஸ்ஸின் மேல் ஏற்றப் போனேன்.