பதிவில் ஏறாத பதில்

குற்றம் செய்யாத ஒருவரை இரண்டு மாதம் சிறைக்கு அனுப்பினேன். தெரியாமல் செய்ததல்ல. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் மாஜிஸ்திரேட்டாக இருந்தேன். நீதிமன்ற மொழி ஆங்கிலம். தமிழர் பேசினால் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வார். அதுதான் பதிவில் ஏறும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நானும் அந்த ஆங்கிலத்துக்காகவே காத்திருப்பேன். பதவிக்கு வந்த புதிதில், தேநீர் வேளையில் ஒரு தமிழ் வழக்கறிஞரே, "இனிமே நம்ம ஆளுங்களுக்குத் தண்டனை பாதி விலைதான் லா!" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எனக்குத் தமிழ் தெரியாது.

நான் சிறைக்கு அனுப்பியவர் புக்கிட் பாத்தோக் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தவர். குவாரியின் பழைய தகரம் இரண்டைத் தலையில் சுமந்து போனபோது காவலர் பிடித்துவிட்டார். மதியத்துக்குள் முப்பது வழக்குகள் முடிய வேண்டிய நாள் அது. மொழிபெயர்ப்பாளர் கெட்டவரல்ல; எனக்கு வேகம் பிடிக்கும் என்று அறிந்தவர்.

"எடுத்தியா இல்லையா? அத மட்டும் சொல்லுப்பா" என்றார் அவரிடம்.

"எடுத்தேங்க. அடுப்படி ஒழுகுதுன்னு கங்காணிகிட்ட கேட்டேன். சும்மா கிடக்குறதுதானே, தூக்கிட்டுப் போன்னு அவருதான் சொன்னாரு. அவரக் கூப்பிட்டுக் கேளுங்க."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: கங்காணியைப் பற்றி என்ன சொன்னார்? எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கேட்டால், தமிழனுக்காகத் தமிழ் மாஜிஸ்திரேட் வாய் திறந்தார் என்று பேசுவார்கள். இரண்டு மாதம் என்றேன்.

கூண்டிலிருந்து இறக்கிக் கூட்டிப்போகும்போது அவர் காவலரிடம், "இந்த ஐயாவுக்குத் தமிழ் தெரியும்னாங்களே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் அடுத்த கோப்பைத் திறந்தேன்.

பிறகு தமிழர்கள் நிறைந்த சிராங்கூன் சாலைக்குப் போவதே பாடாகிவிட்டது. காய்க்காரர், பூக்காரர், பஸ்ஸுக்கு நிற்பவர் என்று யார் பேசினாலும் புரிந்து தொலைத்தது. மேல் நீதிமன்றத்துக்கு எழுதினால் நான் கேட்டதையும் எழுத வேண்டும். எழுதினால் என் பதவி என்னாகும்? எழுதாத ஒவ்வொரு நாளும் அவர் உள்ளே இருந்தார். ஐந்து வாரம் இப்படியே போனது. கடைசியில் எழுதினேன், மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை என்று மட்டும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதவில்லை.

தீர்ப்பு ரத்தானது. ஆனால் உத்தரவு வருவதற்குள் அவர் தண்டனையை முழுதும் கழித்து வெளியே வந்துவிட்டார். வேலை போயிருந்தது. குவாரித் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த அறையும் போயிருந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாவு மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். உத்தரவின் நகலைக் கொடுத்து, அதைத் தமிழில் சொன்னேன்.

"நல்லாத்தான் தமிழ் பேசுறீங்க" என்றார். பிறகு, "தப்பு அந்த மொழிபெயர்ப்பு ஐயாவோடதுன்னு போட்டிருக்கா?"

"ஆமாம்."

"உங்க காதுல விழுந்தது?"

"அது இல்லை."

"இந்தக் காகிதத்த யாருகிட்ட காட்டச் சொல்றீங்க? லயத்துல என் பொண்டாட்டியத் திருடன் பொண்டாட்டின்னாங்க. அங்க வந்து சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க."

தண்டனையை வாய்விட்டுச் சொன்னவன் நான். அதைப் பதிவின் மேலும் மொழிபெயர்ப்பாளர் மேலும் சாத்திவிட்டு இத்தனை நாள் சம்பளம் வாங்கியிருந்தேன். அடுத்த வாரமே, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில் குவாரிக்குப் போய் நின்றேன். அவர் திருடவில்லை, உண்மையை என் காதுபடச் சொன்னார், நான் சும்மா இருந்துவிட்டேன் என்றேன். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். என்னை யாருமே கூப்பிடலியே" என்றார்.

கல் சுமக்கும் பெண் ஒருவர், "அப்ப ஏங்க சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார்.

"பயம்மா."

"உங்களுக்கா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அன்றே மேல் நீதிமன்றத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன், எதையும் மறைக்காமல். மொழிபெயர்ப்பாளர் மேல் எழுதியிருந்த குறிப்பை நீக்கினார்கள். அதற்குப் பிறகும் அவர் என்னோடு பேசவில்லை. என்னைக் கோப்பு பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை.

சிறை போனவரைக் குவாரியில் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அங்க மறுபடி ஏதாச்சும் காணாமப் போனா, எல்லாரும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."