கொலுப்படி கட்டப் போன காவலர்

என் அப்பா பெத்துராஜ் ஹவுராவில் சரக்கு யார்டுக் காவலர். சரக்கு ரயில்களைக் காப்பதற்கென்று அரசாங்கம் வைத்திருந்த படை அது. நிற்கும் வேகன்களின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு கதவின் முத்திரையையும் தொட்டுப் பார்ப்பது அவர் வேலை. அவர் வரிசையில் ஒரு மூட்டைகூடக் காணாமல் போனதில்லை.

அந்தப் படையில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. மேலதிகாரி வீட்டில் வேலை இருந்தால் ஒரு காவலர் போவார். டியூட்டிப் பட்டியலில் மட்டும் அவர் யார்டில் நிற்பார். எங்கள் அதிகாரி சுந்தரேசன் தமிழர், கல்கத்தா லேக் கார்டன்ஸில் வீடு. அதனால் அங்கே போவது எப்போதும் அப்பாதான். கூட வேலை பார்த்த மொண்டல் இந்தியில் கேலி செய்வார்.

"என்ன பெத்து, மாமனார் வீட்டுக்குக் கிளம்பிட்டியா?"

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதில் அவருக்குப் பெருமை.

1979 மகாளய அமாவாசை அன்று கொலுப்படி கட்டப் போனார். படிகளை அடுக்கி, வேட்டி விரித்து, பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். அதே மத்தியானம், அவர் நிற்க வேண்டிய வரிசையில் ஒரு வேகனை உடைத்துத் துணி மூட்டைகளைக் கொண்டு போய்விட்டார்கள்.

அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரிக்க நியமிக்கப்பட்டவர் சுந்தரேசன். காவலரை அங்கிருந்து கூட்டிப் போனவரே, காவலர் ஏன் அங்கே இல்லை என்று விசாரிக்கிறார். மேலே இருந்த யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்கவும் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம்.

"டீ குடிக்கப் போயிருந்தேன்னு சொல்லிடு பெத்துராஜ். என் வீட்டுக்கு வந்தேன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். நான்தானே விசாரிக்கறேன்? ஒரு வார்னிங்கோட முடிச்சுடறேன்."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "படி கட்டுனேன்னு உள்ளதச் சொல்லுங்க. அவரு வீட்டம்மா ஷியாமளாம்மா பாத்துக்கிட்டுதான இருந்தாக?"

"ஒரு குடும்பப் பொம்பளைய ஆபீசுக்கு இழுக்கச் சொல்லுதியா சரோஜா? அவரு தமிழ்ல சொன்னாரு. இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்."

"மொண்டல் ஜேட்டு கிட்டயாவது சொல்லி வைங்கப்பா" என்றேன். பெரியப்பாவை வங்காளிகள் கூப்பிடுகிற மாதிரிதான் நான் அவரைக் கூப்பிடுவேன்.

"பள்ளிக்கூடம் முடிச்ச உடனே வக்கீலம்மா ஆயிட்டியோ?" என்று என் தலையில் தட்டினார். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

விசாரணை அறைக்கு வெளியே நின்ற மொண்டல்தான் நடந்ததை எங்களுக்குச் சொன்னார். சுந்தரேசன் இந்தியில் கேட்டார், அப்பா இந்தியில் டீ குடிக்கப் போனதாகச் சொன்னார், அவர் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்ட பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லையாம். தமிழில் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சுந்தரேசன் "போகலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

வார்னிங் வரவில்லை. காவல் இடத்தைவிட்டுப் போனதைத் தானே ஒப்புக்கொண்டார் என்று வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள்.

அம்மா லேக் கார்டன்ஸுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஷியாமளா கேட் வரைக்கும் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவரோட ஆபீஸ் விஷயத்துல நான் தலையிடறதில்லை சரோஜா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்திருக்கே, குங்குமம் எடுத்துக்கோ."

அம்மா எடுத்துக்கொண்டாள். நெற்றியில் வைக்காமல் டாக்குரியா ஸ்டேஷன் வரைக்கும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்து, அங்கே குழாயில் கையைக் கழுவினாள்.

அப்பா மேல்முறையீடு செய்தார். உண்மையைச் சொல்லத் தயார் என்று மொண்டலும் சொன்னார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தலைமை அலுவலகம் அந்த மனுவைக் கருத்துக் கேட்டு சுந்தரேசனுக்கே அனுப்பியது. தள்ளுபடியாகி வந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமான்களை ஏற்ற மொண்டல்தான் வந்தார்.

அப்பா இப்போது ஹவுராவில் ஒரு இரும்புக் கிடங்கில் வாட்ச்மேன். போன வாரம் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். சரக்கு எடுக்க வந்த ஒருவர் அவர் பெயரைக் கேட்டதும் சந்தோஷமாகி, "அண்ணாச்சி, நமக்கு எந்த ஊரு?" என்றார்.

அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், இந்தியில் கேட் பாஸ் கேட்டார்.