கைபட்ட பல்

கதவை முழங்கையால் தள்ளித் திறக்கிறார் யசோதினி. மின்விசிறி சுவிட்சை விரல் முட்டியால் போடுகிறார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க நேர்ந்தால் முந்தானை குறுக்கே வந்துவிடும். பேராதனையில் அவரோடு தேநீர் குடிக்கப் போகிறவர்கள் முதலில் இதை அருவருப்பு என்று எண்ணி முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். "உங்க அழுக்குக்குப் பயந்து இல்லைங்க. என் அழுக்கு எதுலயும் ஒட்டிறக் கூடாது" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் பரிணாம உயிரியல் விரிவுரையாளர். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் செத்துப்போனவர்களின் எலும்பையும் பல்லையும் துளைத்துத் தூளெடுத்து, அதில் மிஞ்சியிருக்கும் டி.என்.ஏ.யைத் தேடுவது அவர் வேலை. கிடைத்தால் அந்த மனிதர் எந்த வழியில் வந்தவர் என்று சொல்லிவிடலாம். கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. குளிர்நாட்டு எலும்பில் அது ஐஸில் வைத்த மீன் போலக் கெடாமல் கிடக்குமாம். நம் வெயிலும் மழையும் அதை அரித்துத் தின்றுவிடுகின்றன. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்தபோது, அங்கேயே இருந்துவிடு, உங்கள் ஊரில் ஒன்றும் தேறாது என்று பேராசிரியர் சொன்னாராம். வீம்புக்குத் திரும்பி வந்தவர் இவர்.

ஆய்வறைக்குள் போகும் நாளில் பொட்டு இல்லை, பவுடர் இல்லை, வளையல் இல்லை. கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு, கையில் உறைமேல் உறை. மேசையை பிளீச் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கைத்தோல் உரிந்திருக்கிறது. கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் அம்மா பேச்சியம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொழுந்து பறிச்ச என் கையே தேவலாம்" என்பாராம்.

வருடக்கணக்காக ஒன்றும் தேறவில்லை. துளைத்த எலும்பெல்லாம் வெறும் எலும்பு. மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக இருந்த தனுஜாவும் டெங்கு நுளம்பு ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நுளம்பிலாவது டி.என்.ஏ. இருக்கிறது.

அப்போதுதான் அந்தப் பல் வந்தது. இங்குள்ள ஒரு குகையில் கிடைத்த, பத்தாயிரம் வருடத்துக்கு முந்தைய பெண்ணின் கடைவாய்ப் பல். ஒன்றே ஒன்றுதான், அதைத் தூளாக்கினால் திரும்ப வராது. தூளாக்கினார். முடிவு வந்த அன்று நம்ப முடியாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாராம். அவ்வளவு தெளிவு. அந்தப் பெண்ணின் தாய்வழி, இன்றும் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற பெண்களின் தாய்வழியோடு ஒத்துப்போனது. அம்மாவிடம் மட்டும்தான் தொலைபேசியில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்தாயிரம் வருடத்துக்கு முன்பே நாம் இங்கே இருந்திருக்கிறோமாம் என்று கோயிலில் பொங்கல் வைத்தார்கள்.

பழைய டி.என்.ஏ. இற்று, துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். இது நெய்த புடவை மாதிரி முழுசாக இருந்தது. அது அவருக்கு உறுத்தாமல் இல்லை. குகை நல்ல காய்ந்த குகை, அதனால்தான் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பல்லைத் தொட்டிருக்கக் கூடிய எல்லோருடைய டி.என்.ஏ.யோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தத் துறையின் விதி. பல்லை வைத்திருந்த அருங்காட்சியகக் களஞ்சியத்து ஊழியர்களோடு பார்த்தார், மாணவர்களோடு பார்த்தார். தன்னுடையதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தார், கையுறை இல்லாமல் எந்த எலும்பையும் தொடாதவர் ஆயிற்றே. அதைப் பார்த்தபோது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. களஞ்சியத்தில் அதிகாரி அந்தப் பல்லைப் பஞ்சில் வைத்து நீட்டியபோது கையுறை இன்னும் பைக்குள் இருந்தது. பாடப்புத்தகமோ புதுப் புடவையோ கோயில் பூவோ, மதிப்புள்ள எதையும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம். பல்லையும் அப்படியே ஒற்றிக்கொண்டிருக்கிறார். "அவ அவ்வளவு காலத்துப் பொம்பளைங்க. கை தானாப் போயிருச்சு" என்றார்.

அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டாராம். இப்போது அந்த ஆய்வறையில் உடைந்த கதிரை மேசைகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். இனி அவரிடம் யாரும் ஒரு பல்லைக் கொடுக்கப்போவதில்லை. அதை அவரும் மறைக்காமல் சொல்கிறார். ஆனால் லயத்தில் மட்டும் போன வாரம்வரை சொல்லவில்லை.

போன ஞாயிறு கலஹா பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போகப் பயமாக இருந்திருக்க வேண்டும். அம்மா வீட்டில் நாங்கள் உட்காரும் முன்பே பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து ராக்கம்மா வந்துவிட்டார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் அண்ணனைக் கப்பலேற்றிவிட்டு, தான் இங்கேயே தங்கி, கள்ளத்தோணி, திருட்டுப் படகில் வந்தவள் என்ற வசையைக் கேட்டே வயதானவர். அந்தப் பல்லுக்காரி நம் ஆள்தானே என்று கடைவீதியில் கேட்கிறார்களாம், யசோதினி வாயாலேயே கேட்க வேண்டுமாம்.

"அது நான்தான் அத்த" என்றார் யசோதினி. "பல்லுல என் கை பட்டிருச்சு. அதுல இருந்தது அவ இல்ல, நான்."

"நீன்னா நம்மதானே" என்று ராக்கம்மா சிரித்தார்.

யசோதினி மறுபடியும் தொடங்கினார். பாலில் கை பட்டால் திரிந்துபோகிற மாதிரி, தன் கை பட்டு அந்தப் பல் வீணாகிவிட்டது, அதிலிருந்து இனி எதுவும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். ராக்கம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பேச்சியம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நாம வந்தவங்கதானா பாப்பா?"

"அதையும் அது சொல்லல அத்த."

"வேற பல்லு இருக்கா?"

"இல்ல."

ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் தோளைத் தொட யசோதினி கையை நீட்டினார். பாதியிலேயே நிறுத்தினார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.