சட்டனுக்கு வந்த அமெரிக்க எம்.பி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஓர் அமெரிக்கரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கூத்தாடியது. அங்கே ஏதோ ஒரு மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர். மனைவியோடு லண்டன் பார்க்க வந்தவர். அவருடைய முழங்காலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எங்கள் தலைவரின் மச்சான். இதைத் தவிர அவருக்கும் தமிழருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நோட்டீசில் ‘அமெரிக்க எம்.பி.’ என்று போட்டார்கள். மாநிலம் என்ற சொல்லைத் தலைவரே எடுத்துவிட்டார்.

மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் அந்த மனிதர் சொன்ன தன் வாழ்க்கை வரலாற்றை நான் தமிழாக்கினேன். பழைய கார் விற்றவர். எதிர்த்துப் போட்டியிட ஆளில்லாமலே திரும்பத் திரும்ப வென்றவர். சபை வருடத்தில் சில மாதம்தான் கூடும். மிச்ச நாளில் கார் வியாபாரம். அவர் கொண்டுவந்த பெரிய சட்டம், மாநிலத்தின் சின்னமாக ஒரு மரக்கறியை அறிவித்தது. அதற்கும் சனம் கை தட்டியது.

பிறகு பொன்னாடை. கடைக்காரர், கணக்காளர், பழைய மாணவர் என்று வரிசையில் வந்து போர்த்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்று ஒருவர் இரண்டாம் தரமும் போர்த்தினார். வெட்கங்கெட்ட கூட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ட்ரெதமில் எங்கள் மேல்வீட்டில் இருந்த அக்கா அன்று காலையிலிருந்து மண்டபத்துச் சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். கனடாவுக்குப் புறப்பட்ட அவருடைய கணவர் வழியில் பிடிபட்டு, இந்த அமெரிக்கரின் மாநிலத்திலேயே ஒரு தடுப்பு முகாமில் இருந்தார். கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. எம்.பி. ஒரு சொல்லுச் சொன்னால் காணும் என்று தலைவர் அக்காவுக்கு ஆசை காட்டியிருந்தார்.

அக்கா மேடைக்கு வந்து அழுதழுது கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அமெரிக்கர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார். குடிவரவெல்லாம் வாஷிங்டனின் விஷயம், தன் வேலை ரோட்டும் பள்ளிக்கூடமும்தான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

தலைவர் என் காதுக்குள், “தம்பி, உதை அப்பிடியே சொல்லாதையும். செய்து பார்க்கிறாராம் எண்டு சொல்லும்,” என்றார்.

அமெரிக்கர் சொன்னதையே நான் அப்படியே சொன்னேன்.

அக்கா தலைவரின் பக்கம் திரும்பினார். “அப்ப என்னத்துக்கு அண்ணை இவரைக் கூப்பிட்டனீங்கள்?”

“சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்கோ,” என்று தலைவர் மைக்கில் அறிவித்தார்.

அடுத்த கிழமை கணவரை அனுப்பிவிட்டார்கள். கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு தகவலும் வரவில்லை.

சில மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து அந்த ஆளின் தேர்தல் பிரசுரம் வந்தது. அக்காவின் கைகளைப் பிடித்தபடி அவர் நிற்கிற படம். கீழே, அகதிகளின் தோழன் என்று ஆங்கிலத்தில். தலைவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுச் சங்க அறையில் மாட்டினார்.

கழற்றச் சொல்லி அக்கா கேட்டார். “பிள்ளை, உமக்கும் பெருமைதானே,” என்றார் தலைவர். அக்கா கதிரையில் ஏறித் தானே கழற்றினார். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, படத்தில் தன்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சத்தைத் தலைவர் அடுத்த நாளே கண்ணாடிக்குள் வைத்துத் திரும்ப மாட்டிவிட்டார்.