‘அவ’ என்று சொல்லிவிட்டேன்

பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறவள் என்பதால், வீட்டில் எந்த மருத்துவக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு அவன் மனைவி மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். பத்தாவது வாரத்திலேயே அவளுக்கு ரத்தம் எடுத்து, குழந்தைக்குப் பிறவிக் கோளாறு இருக்குமா என்று அங்கே பார்த்திருக்கிறார்கள். கேட்டால் ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுகிறார்கள். இவள் ஆவலில் கேட்டுவிட்டாள். விடுமுறைக்குத் திருவையாறு வந்ததும், சமையலறையில் வைத்து என்னிடம் போனை நீட்டினாள். கோளாறு எதுவும் இல்லை. கடைசி வரியில் பெண் என்று இருந்தது.

“அவர்ட்ட கோளாறு இல்லன்னு மட்டும்தான் சொன்னேன், அண்ணி. மத்தது தெரியாதுன்னுட்டேன். நீங்களும் வாயத் தொறந்துராதீங்க” என்றாள். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் குறுவை நடவு. வரப்பில் நின்றபடி தம்பி சாதாரணமாகத்தான் கேட்டான்.

“ரிப்போர்ட்ட பாத்தியாமே அக்கா, எல்லாம் சரியா இருக்கா?”

“பாத்துட்டேன்டா. ஒரு கொறையும் இல்ல. அவ நல்லா இருக்கா.”

வயிற்றுக் குழந்தையை எல்லோரும் ‘அது’ என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான். போனைப் பார்த்த நிமிடமே மனதுக்குள் அவளாக்கிவிட்டேன் போலிருக்கிறது, நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

“அவளா?” என்றான்.

“ஒன் பொண்டாட்டியத்தான்டா சொன்னேன்.”

“அவளப் பத்தி நான் கேக்கலியே” என்றான். நான் அசடு வழிய நாற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம், கலைத்துவிடாதே என்று அவனிடம் கெஞ்சினேன், திட்டினேன், போலீஸுக்குப் போவேன் என்றுகூட மிரட்டினேன்.

“போயேன்” என்றான். நான் போகமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நாலாம் நாள் அவளைக் காரில் அழைத்துப் போனான். எந்த ஊருக்கு என்று என்னிடம் சொல்லவில்லை. வாசல்வரை போனேன், வழிமறிக்கவில்லை. திரும்பி வந்ததும், கலைந்துவிட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள்.

ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் தூங்கறப்ப போனத் தொறந்து பாத்துருக்காரு, அண்ணி. வேற யாரு சொல்லிருக்கப் போறா?”

“இருக்கும்” என்றேன்.